இயற்பியலுக்கு முந்தின ராத்திரி

அம்மா (9:22): பாப்பா இன்னும் சாப்பிடவில்லை. கணக்குப் பரீட்சையில் நடந்ததையே நினைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். நாளைக்குப் பிளஸ் டூ இயற்பியல். யாராவது பேசுங்களேன்.

அண்ணன்: என்னடி ஆச்சு?

நான்: வினாத்தாளைப் பார்த்ததும் எழுத்தெல்லாம் ஓடியது. கை வியர்த்துத் தாளே ஈரமாகிவிட்டது. இருபது நிமிஷம் ஒரு வரிகூட எழுதவில்லை. எல்லாம் போட்டுப் பார்த்த கணக்குதான். வெளியே வந்து செருப்பு மாட்டும்போது அத்தனையும் ஞாபகம் வந்தது. அதுதான் அழுகையே.

தாத்தா: காலையில் தயிரும் சர்க்கரையும் ஒரு கரண்டி. பிள்ளையாருக்குச் சிதறுகாய் என் பொறுப்பு.

கணக்கு மாமா: 📎 முக்கிய ஐந்து மதிப்பெண் வினாக்கள் 42. ராத்திரியே ஒரு புரட்டு புரட்டிவிடும்மா.

சித்தி: அண்ணா, முதலில் அதை அழியுங்கள். ஒன்பதரைக்கு 42 வினாவா? அதில் தெரியாதது நாலு கண்ணில் பட்டால் தெரிந்ததும் போய்விடும்.

கணக்கு மாமா: சரி டீச்சர், அழித்தாச்சு.

சித்தி: பாப்பா, செருப்பு மாட்டும்போது வந்தது என்றால் நீ மறக்கவே இல்லை. அந்த நேரத்துக்கு எழுதிப் பார்க்க மூளையில் ஒரு சின்ன சிலேட்டுதான். பயம் வந்து அதை முழுக்கக் கிறுக்கிவிட்டால் கணக்குப் போட இடம் ஏது?

நான்: அப்போ ஹாலில் என்ன செய்யணும்? பயப்படாதே என்று மட்டும் சொல்லாதீங்க சித்தி.

சித்தி: சொல்ல மாட்டேன், அது வரத்தான் வரும். 10 மணிக்குக் கிடைக்கிற முதல் 10 நிமிஷம் படிக்க மட்டும்தானே? அப்போது ஐந்து மதிப்பெண் பக்கமே போகாதே. ஒரு மதிப்பெண் 15 இருக்கிறது, விடையும் அங்கேயே இருக்கும். நாலைந்து தெரிந்தாலே நெஞ்சு இறங்கும். 10:15க்கு அதிலிருந்தே எழுத ஆரம்பி.

சித்தி: அப்படியும் படபடத்தால் பேனாவைக் கீழே வை. இரண்டு பாதமும் தரையில் அழுந்தட்டும். நாலு எண்ணி மூச்சை இழு, ஆறு எண்ணி விடு. விடுவதுதான் நீளமாக இருக்கணும், அப்போதுதான் துடிப்பு குறையும். ஐந்தாறு தடவை போதும். மூன்று மணி நேரத்தில் ஒரு நிமிஷம் போனால் போகட்டும்.

நான்: வான் டி கிராஃப் மின்னியற்றி வந்து, பாதியில் மறந்துபோனால்?

சித்தி: படத்தைப் போடு. மேலே உலோகக் கோளம், இரண்டு கப்பி, நடுவே ஓடுகிற பட்டை, இரண்டு சீப்பு. கை வரைய ஆரம்பித்தால் தத்துவம் பின்னாலேயே வரும். வரவில்லையா, இடம் விட்டுவிட்டு அடுத்ததுக்குப் போ. ஐந்து மதிப்பெண்ணில் எல்லாவற்றுக்கும் ‘அல்லது’ உண்டு.

அண்ணன்: இன்னொன்று. உள்ளே போவதற்கு முன் 10 நிமிஷம், இருக்கிற பயத்தையெல்லாம் ஒரு தாளில் கொட்டு. சிகாகோ பல்கலைக்கழகத்தில் ராமிரெஸ், பைலாக் என்று இரண்டு பேர் சோதித்து 2011இல் வெளியிட்டார்கள். பதறுகிற பிள்ளைகளுக்கு மதிப்பெண் கூடியதாம். நான் ‘அப்பா திட்டுவார்’ என்றே ஒரு பக்கம் எழுதியிருக்கிறேன்.

அப்பா: நான் எப்போதடா திட்டினேன்?

சித்தி: அத்தான், அதை நாளைக்குப் பேசலாம். பாப்பா, தூக்கமே வராமல் ரொம்ப அடித்துக்கொண்டால் 14416, டெலி மானஸ் மனநல உதவி எண். எந்நேரமும் பேசுவார்கள். இப்போது போய்ச் சாப்பிடு.

நான்: இரண்டு தோசை மட்டும்.

*மறுநாள்*

நான் (1:52): வீட்டுக்கு வந்தாச்சு.

அம்மா: ஆபீசில் கையே ஓடவில்லை. எப்படிடா எழுதினாய்?

நான்: அதே மாதிரி வந்ததும்மா, 10:20 இருக்கும். பேனாவை வைத்துவிட்டேன். சூப்பர்வைசர் மேடம் வந்து உடம்பு சரியில்லையா என்று கேட்டார். மூச்சு எண்ணுகிறேன் என்றேன். ‘எண்ணு எண்ணு’ என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். அப்புறம் இன்னொரு தடவையும் வைத்தேன். ஒரு மூன்று மதிப்பெண் மட்டும் விட்டுப்போச்சு.

சித்தி: போகட்டும் விடு 👏

கணக்கு மாமா: 9ஆவது ஒரு மதிப்பெண்ணுக்கு என்ன போட்டாய்? ஆ தானே?

சித்தி: அண்ணா!

கணக்கு மாமா: 🚫 இந்தச் செய்தி நீக்கப்பட்டது

நான்: பார்த்துவிட்டேன் மாமா. இ போட்டேன். பசிக்கிறது, சாப்பிடப் போகிறேன்.