கம்ப்ரஸர் போச்சு என்கிறார் ஒருவர், கேஸ் இல்லை என்கிறார் இன்னொருவர் – எதை நம்புவது?

வில்லாபுரத்தான்:

எல்லோருக்கும் வணக்கம். ஏசி வேலை தெரிந்தவர்கள் கொஞ்சம் பொறுமையாகப் படித்துவிட்டுச் சொல்லுங்கள், அவசரம். மதுரை வில்லாபுரத்தில் மாடி வீடு, மேலே நேராக மொட்டை மாடி. 2017-ல் வாங்கிய 1.5 டன் ஸ்பிளிட் ஏசி, மூன்று ஸ்டார், இன்வெர்ட்டர் (தேவைக்கேற்பக் கம்ப்ரஸர் வேகம் மாறும் வகை) இல்லாத மாடல், குளிரூட்டும் கேஸ் ஆர் 410ஏ. பங்குனியிலேயே குளிர்ச்சி குறைய ஆரம்பித்துவிட்டது. இப்போது சித்திரை வெயிலில் மதியம் போட்டால் வெளி யூனிட்டில் ஃபேன் நன்றாகச் சுற்றுகிறது, கம்ப்ரஸர் மட்டும் சில நொடி ‘ம்ம்ம்’ என்று உறுமிவிட்டு ‘டக்’ என்று அடங்கிவிடுகிறது. நாலைந்து நிமிடம் கழித்து மறுபடி அதே உறுமல், அதே டக். இரவு பதினோரு மணிக்கு மேல் போட்டால் ஓடுகிறது, ஆனால் விடிய விடிய ஓடினாலும் அறை 28-க்குக் கீழே இறங்குவதில்லை.

முதலில் வந்த மெக்கானிக் உறுமலைக் கேட்டதுமே கம்ப்ரஸர் போச்சு, 16,000 ஆகும் என்றார். இரண்டாவதாக வந்தவர் கேஸ் இல்லை, 3,500 கொடுங்கள், நிரப்பிவிடுகிறேன் என்றார். இரண்டு பேருமே மீட்டரை வெளியே எடுக்கவில்லை. அப்பா பக்கவாதம் வந்து அந்த அறையில்தான் படுத்திருக்கிறார், பகல் முழுக்க ஏசி வேண்டும். பணம் போடத் தயார், தப்பான இடத்தில் போய்விடக் கூடாது. என்ன பார்க்க வேண்டும், எந்த வரிசையில் பார்க்க வேண்டும்?

திருமங்கலம் ஏசி:

தம்பி, நீங்கள் எழுதியதிலேயே இரண்டு கோளாறு தெரிகிறது, ஒன்று இல்லை. மதியம் ஸ்டார்ட் ஆகாதது ஒன்று. இரவில் ஓடியும் குளிராதது இன்னொன்று. இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்வதால்தான் ஆளுக்கு ஒரு தீர்ப்பு வருகிறது.

முதலில் ஸ்டார்ட் ஆகாத விஷயம். உறுமிவிட்டு டக் என்று நிற்கிறது என்றால் மோட்டாருக்குக் கரண்ட் போகிறது, ரோட்டர் சுற்றவில்லை, சாதாரணமாக இழுப்பதைப் போல நாலைந்து மடங்கு ஆம்பியர் இழுக்கிறது, சூடாகி ஓவர்லோட் என்ற பாதுகாப்பு சுவிட்ச் கரண்டைக் கட் செய்கிறது. இதற்குக் கம்ப்ரஸர் ஜாம் ஆனது ஒரு காரணமாக இருக்கலாம். ஆனால் அதற்கு முன் பார்க்க வேண்டியவை வோல்டேஜ், மோட்டாரைக் கிளப்பிவிட உதவும் கெப்பாசிட்டர், கம்ப்ரஸர் தலையில் இருக்கும் வயர் முனை. இரவில் ஸ்டார்ட் ஆகிறது என்று நீங்களே சொல்கிறீர்கள், நிரந்தரமாக ஜாம் ஆன கம்ப்ரஸர் ராத்திரி மட்டும் சுற்றாது. அதனால் எனக்கு முதல் சந்தேகம் வோல்டேஜும் கெப்பாசிட்டரும்தான்.

கெப்பாசிட்டர் வெளி யூனிட்டின் பக்கவாட்டு மூடியைக் கழற்றினால் தெரியும், அலுமினிய டப்பா மாதிரி இருக்கும், மேலே 45 அல்லது 50 மைக்ரோஃபாரட் என்று எழுதியிருக்கும். தலை உப்பியிருந்தால் அளக்கவே வேண்டாம், மாற்றிவிடலாம். உப்பாமலும் பலவீனமாக இருக்கும், அதற்குத்தான் மீட்டர். பெரும்பாலும் எழுதியதற்கு 5 சதவீதம் மேலே கீழே இருக்கலாம், அதற்கு மேல் குறைந்தால் தயங்காமல் மாற்றுங்கள், சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும். மெயினை அணைத்த பிறகும் அதற்குள் கரண்ட் தங்கியிருக்கும், விவரம் தெரிந்தவர் டிஸ்சார்ஜ் செய்யாமல் யாரும் கை வைக்கக் கூடாது.

அப்புறம் வைண்டிங், அதாவது மோட்டாருக்குள் இருக்கும் செம்புக் கம்பிச் சுருள். கம்ப்ரஸர் தலையில் மூன்று முனை: காமன், ஸ்டார்ட், ரன். வயர்களைக் கழற்றிவிட்டு ஓம்ஸில் அளந்தால் காமன்–ரன் குறைவாகவும், காமன்–ஸ்டார்ட் அதைவிடக் கூடவும் வரும். ரன்–ஸ்டார்ட் இடையே வருவது அந்த இரண்டின் கூட்டுத்தொகையாக இருக்க வேண்டும். கூட்டினால் சரியாக வந்தால் வைண்டிங் பிழைத்திருக்கிறது. எந்த முனையிலிருந்தும் செம்புக் குழாய்க்குத் தொடர்பு காட்டக் கூடாது. காட்டினால் பாடி ஷார்ட், பேச்சே இல்லை, கம்ப்ரஸர் முடிந்தது. ஒரு எச்சரிக்கை: கம்ப்ரஸர் சூடாக இருக்கும்போது ஓவர்லோட் திறந்திருக்கும், காமனிலிருந்து எதற்குமே தொடர்பு வராது, அதைப் பார்த்து வைண்டிங் அறுந்துவிட்டது என்று சொல்லிவிடுவார்கள். ஒன்றிரண்டு மணி நேரம் ஆறவிட்டு மறுபடி அளக்கச் சொல்லுங்கள். இதில் ஏமாந்து நல்ல கம்ப்ரஸரைக் கழற்றிப் போட்ட வீடுகள் எனக்குத் தெரியும்.

இதெல்லாம் முடித்துவிட்டு நம்பர் எழுதுங்கள். குளிராததைப் பற்றி அப்புறம் பேசலாம்.

மேலூர் வயர்மேன்:

அண்ணன் சொன்னதில் வோல்டேஜை மட்டும் நான் விரிக்கிறேன். நமக்கு வர வேண்டியது 230 வோல்ட், 6 சதவீதம் மேலே கீழே இருக்கலாம், அதாவது 216-க்குக் குறையக் கூடாது. கத்திரி நேரத்தில் தெருவில் எல்லா வீட்டிலும் ஏசி ஓடும்போது இது எங்கே நிற்கிறது என்பதை நீங்கள்தான் அளந்து பார்க்க வேண்டும். மோட்டாரின் இழுவை சக்தி வோல்டேஜின் வர்க்கத்தில் குறையும். 180 வோல்ட் வந்தால் வோல்டேஜ் ஐந்தில் ஒரு பங்குதான் குறைந்தது போலத் தெரியும், ஆனால் ஸ்டார்ட் ஆகும் சக்தி கிட்டத்தட்ட 40 சதவீதம் போய்விட்டது.

சும்மா பிளக்கில் மீட்டரைக் குத்திப் பார்த்துவிட்டு 215 இருக்கிறது, போதும் என்று விடாதீர்கள். கம்ப்ரஸர் உறுமும் அந்த நொடியில் வெளி யூனிட் டெர்மினலில் என்ன காட்டுகிறது என்று பார்க்க வேண்டும், அதே நொடியில் மெயின் போர்டில் என்ன காட்டுகிறது என்றும் பார்க்க வேண்டும். இரண்டுக்கும் வித்தியாசம் கூட இருந்தால் குறை உங்கள் வீட்டு வயரிங்கில். மெயின் போர்டிலேயே விழுந்தால் குறை கம்பத்திலோ டிரான்ஸ்ஃபார்மரிலோ, மின்வாரியப் புகார் மையமான மின்னகம் 94987 94987-ல் புகார் கொடுங்கள். கரண்ட் ஓடும்போது அளக்கிற வேலை, எலக்ட்ரீஷியனை வைத்துச் செய்யுங்கள்.

வில்லாபுரத்தான்:

அண்ணன்மார் இருவருக்கும் நன்றி. எங்கள் தெரு எலக்ட்ரீஷியனைக் கூட்டிவந்து நீங்கள் எழுதியதைப் படித்துக் காட்டியே அளக்கச் சொன்னேன்.

மதியம் மூன்று மணிக்கு மெயின் போர்டில் 208, கம்ப்ரஸர் உறுமும்போது 190. அதே நொடி வெளி யூனிட்டில் 169. உடனே வழியில் என்ன இருக்கிறது என்று தேடினோம். ஏசிக்குப் போகும் எம்சிபியின் (கரண்டைத் தானாக அணைக்கும் பாதுகாப்பு சுவிட்ச்) கீழ்த் திருகைக் கழற்றினால் வயர் உறை ஒரு விரல் நீளத்துக்கு உருகி, செம்பு நீலம் பாரித்துக் கருத்திருந்தது, திருகு விரலால் சுற்றும் அளவுக்கு லூஸ். எம்சிபியை மாற்றி, வயரை வெட்டிப் புதிதாக லக் போட்டாயிற்று. கெப்பாசிட்டர் 50 என்று எழுதியிருந்தது, 37 காட்டியது, அதையும் மாற்றினோம். வைண்டிங் ஆறிய பிறகு அளந்தது: 1.9, 2.9, 4.8. பாடிக்குத் தொடர்பு இல்லை.

இப்போது நல்ல வெயிலிலும் ஒரே தடவையில் ஸ்டார்ட் ஆகிறது. ஆனால் குளிர்ச்சி அதே கதைதான். கிளாம்ப் மீட்டரில் 4.1 ஆம்பியர், ஸ்டிக்கரில் 7.8 போட்டிருக்கிறது. அப்படியென்றால் இரண்டாவது மெக்கானிக் சொன்னபடி கேஸ்தான் குறைவா?

திருமங்கலம் ஏசி:

1.9-ம் 2.9-ம் கூட்டினால் 4.8, வைண்டிங் சுத்தம். முதல் ஆள் உறுமலைக் கேட்டுச் சொன்ன காரணம் தவறு. ஆனால் தம்பி, அதற்காகக் கேஸ் நிரப்பக் காசு கொடுத்துவிடாதீர்கள், இங்கேதான் நிறையப் பேர் சறுக்குகிறார்கள்.

ஆம்பியர் குறைந்தால் கம்ப்ரஸருக்கு வேலைப் பளு இல்லை என்று மட்டும்தான் அர்த்தம். கேஸ் குறைந்தாலும் பளு இருக்காது, கம்ப்ரஸர் உள்ளே தேய்ந்து அழுத்தாமல் சும்மா சுற்றினாலும் பளு இருக்காது. இரண்டையும் பிரித்துக் காட்டுவது தடித்த குழாயில் மாட்டும் கேஜ். ஓடும்போது சக்ஷன் பிரஷரும் (தடித்த குழாயில் கேஜ் காட்டும் அழுத்தம்) ஆம்பியரும் சேர்ந்து குறைந்தால் கேஸ் குறைவு, மெல்லிய குழாய் வால்வில் பனி கட்டுவதும் பெரும்பாலும் கூடவே வரும். சக்ஷன் உயர்ந்து ஆம்பியர் குறைந்தால் கம்ப்ரஸர் பம்ப் செய்யவில்லை. இரண்டும் உயர்ந்திருந்தால் கேஸ் அதிகம், அல்லது வெளி யூனிட்டின் காயிலில் (தகடுகள் சூழ்ந்த குழாய்ச் சுருள்) தூசி அடைத்துச் சூடு வெளியேறவில்லை. 410ஏ-க்கு நம்மூர் வெயிலில் ஓடும்போது சக்ஷன் சுமார் 120-இலிருந்து 150 பிஎஸ்ஐ வரை இருந்தால் சரி எனலாம்.

நிறுத்திவைத்த பிரஷரைக் காட்டி ‘300 இருக்கு, கேஸ் ஃபுல்’ என்று யாராவது சொன்னால் ஏற்காதீர்கள். உள்ளே திரவமாகக் கொஞ்சம் மிச்சம் இருந்தாலே போதும், 35 டிகிரியில் 410ஏ முந்நூறுக்குப் பக்கத்தில்தான் காட்டும். அது அன்றைய வெயிலைச் சொல்கிறது, எவ்வளவு கேஸ் இருக்கிறது என்பதைச் சொல்லாது.

கடைசிச் சோதனை பம்ப் டவுன். நல்ல மெக்கானிக்கை மட்டும் வைத்துச் செய்யுங்கள். ஏசி ஓடும்போது மெல்லிய குழாயின் வால்வை ஆலன் கீயால் மூடினால் கம்ப்ரஸர் கேஸை எல்லாம் இழுத்து வெளி யூனிட்டுக்குள் அடைக்கும், கேஜ் முள் ஒன்றிரண்டு நிமிடத்தில் பூஜ்யத்துக்குப் பக்கத்தில் இறங்க வேண்டும். பாதியில் நின்றுவிட்டாலோ, நிறுத்தியதும் முள் விறுவிறுவென்று ஏறினாலோ உள்ளே அழுத்தம் பின்பக்கமாகக் கசிகிறது. பூஜ்யத்தைத் தாண்டி வேக்குவத்துக்குப் போகவிடக் கூடாது. லீக் உள்ள லைனில், அல்லது குழாய் லூஸாக இருக்கும்போது, இதைச் செய்யவே கூடாது. காற்று உள்ளே புகுந்து எண்ணெயோடு சேர்ந்து அழுத்தப்பட்டால் கம்ப்ரஸர் வெடிக்கும், ஆள் செத்திருக்கிறார்கள்.

ஆனையூர் அம்மா:

இடையில் ஒன்று சொல்கிறேன் தம்பி. செலவு செய்வதற்கு முன் பில்லையும் வாரண்டி கார்டையும் தேடி எடுங்கள். முழு மிஷினுக்கு ஒரு வருஷம் என்றாலும் கம்ப்ரஸருக்கு மட்டும் ஐந்து, பத்து வருஷம் என்று தனியாகக் கொடுத்திருப்பார்கள். எங்களுக்கு அப்படித்தான் கம்ப்ரஸர் சும்மா கிடைத்தது. கேஸுக்கும் வேலைக்கும் மட்டும் கொடுத்தோம், அதுவே கொஞ்சம் கனமான தொகைதான், முதலிலேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். அப்பாவுக்கு அதுவரை பகலில் கீழ் வீட்டில் ஒரு அறை கிடைத்தால் மாற்றிப் படுக்கவையுங்கள், மாடி அறை இந்த வெயிலுக்கு ஆகாது.

வில்லாபுரத்தான்:

நன்றிம்மா. கார்டு கிடைத்தது, கம்ப்ரஸருக்கு ஐந்து வருஷம், முடிந்துவிட்டது. அப்பாவைக் கீழே சித்தி வீட்டுக்கு மாற்றிவிட்டோம்.

இந்தத் தடவை கேஜோடும் கிளாம்ப் மீட்டரோடும் வரும் ஆளாகப் பார்த்துக் கூப்பிட்டேன். நிறுத்தியிருக்கும்போது 290. ஓடவிட்டால் 205-க்குக் கீழே இறங்கவில்லை. வெளி யூனிட்டில் வரும் காற்றில் சூடே இல்லை, கம்ப்ரஸரிலிருந்து வெளியேறும் குழாயைக் கையால் பிடிக்க முடிந்தது, நல்ல கம்ப்ரஸரானால் அதைத் தொடக்கூட முடியாது என்றார் அவர். நுரை தடவிப் பார்த்ததில் லீக் இல்லை. பம்ப் டவுனில் முள் 110-ல் நின்றது, நிறுத்தியதும் கண் முன்னாலேயே ஏறியது. கம்ப்ரஸர்தான் என்று அவரும் சொல்லிவிட்டார். இனி மாற்றுவதா, புதிது வாங்குவதா?

திருமங்கலம் ஏசி:

சக்ஷன் 205, ஆம்பியர் 4.1, பம்ப் டவுன் 110. இதற்கு மேல் சந்தேகம் வேண்டாம், கம்ப்ரஸர் உள்ளே தேய்ந்துவிட்டது. கேஸ் நிரப்பியிருந்தால் 3,500 போயிருக்கும், குளிர்ச்சி வந்திருக்காது.

ஒரு நாளைக்கு நாலு மணி நேரம் ஓடும் வீடாக இருந்தால், குழாய்ச் சுருளான காயில்கள் நன்றாக இருக்கின்றன, கம்ப்ரஸரை மாற்றிக்கொள்ளுங்கள் என்பேன். உங்கள் வீட்டில் பகல் இரவு இரண்டும் ஓடப்போகிறது. இந்த வயதான மூன்று ஸ்டாரில் 16,000 போடுவதைவிட அதோடு மேலும் பணம் சேர்த்து ஐந்து ஸ்டார் இன்வெர்ட்டர் ஏசி வாங்குங்கள், கரண்ட் பில்லில் வித்தியாசம் தெரியும். இன்வெர்ட்டர் மெதுவாகக் கிளம்பும், அதனால் ஸ்டார்ட் ஆகும்போது வோல்டேஜ் இப்படி விழாது.

மாற்றத்தான் போகிறீர்கள் என்றால் அதே கெப்பாசிட்டி, அதே 410ஏ கம்ப்ரஸர். கழற்றியதும் பழைய எண்ணெயை ஒரு கிண்ணத்தில் ஊற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். கறுத்துக் கருகிய வாடை அடித்தால் நைட்ரஜன் விட்டு லைனைச் சுத்தம் செய்து ஃபில்டர் டிரையர் (அழுக்கையும் ஈரத்தையும் பிடிக்கும் வடிகட்டி) புதிதாகப் போடாமல் விடக் கூடாது, இல்லையென்றால் புதிய கம்ப்ரஸரும் அதே வழியில் போகும்.

எதை மாட்டினாலும் வேக்குவம் பம்ப் போட்டுக் காற்றையும் ஈரத்தையும் எடுக்க வேண்டும். கேஸைத் திறந்து காற்றைத் தள்ளிவிட்டு ‘போதும் சார்’ என்பவரை வேலை செய்ய விடாதீர்கள். கம்ப்ரஸர் மாற்றினால் கேஸைத் தராசில் எடை போட்டு, ஸ்டிக்கரில் உள்ள அளவுக்கு, சிலிண்டரைக் கவிழ்த்துத் திரவமாக ஏற்ற வேண்டும், 410ஏ இரண்டு கேஸ் கலந்தது, ஆவியாக ஏற்றினால் கலவை மாறிவிடும்.

மேலூர் வயர்மேன்:

எதை வாங்கினாலும் மெயின் போர்டில் 190 விழுவதை அப்படியே விட்டுவிடாதீர்கள் தம்பி, அது வீட்டுக்கு வெளியே உள்ள குறை. சர்வீஸ் வயர் கம்பத்தில் சேரும் ஜாயின்ட்டையும் நியூட்ரலையும் பார்க்கச் சொல்லிப் புகார் கொடுங்கள், புகார் எண்ணைக் குறித்துவைத்துக்கொள்ளுங்கள். அது சரியாகும் வரை டைம் டிலே (கரண்ட் வந்ததும் சற்றுப் பொறுத்தே ஏசிக்கு விடும் வசதி) உள்ள ஸ்டெபிலைசர் ஒன்று போட்டுவையுங்கள்.

வில்லாபுரத்தான்:

புகார் கொடுத்துவிட்டேன் அண்ணே, நாளை காலை ஆள் வருவதாகச் சொன்னார்கள். வீட்டில் பேசி இன்வெர்ட்டரே வாங்குவது என்று முடிவு. மாட்ட வருகிறவரிடம் வேக்குவம் பம்ப் இருக்கிறதா என்று கேட்டுவிட்டுத்தான் முன்பணம் கொடுப்பேன்.