ரிவால்வரில் முன் சைட் மாற்றியவர்கள் உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

ஹூஸ்டன்வாசி

'டக்' என்ற அந்தச் சத்தம் இன்னும் காதில் நிற்கிறது. டிரில் பிட் உள்ளேயே முறிந்த சத்தம்.

என் ரிவால்வர் ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் 686, 4 அங்குல பேரல் (குழல்). அதில் வருகிற சிவப்பு பிளாஸ்டிக் பதித்த முன் சைட் (பேரல் நுனியில் குறிபார்க்க நிற்கும் துண்டு) வெயிலில் நன்றாகத் தெரியும். உள்ளரங்க ரேஞ்சின் மங்கல் விளக்கில் கறுத்துவிடும். அதனால் வெளிச்சத்தை வாங்கி மின்னும் பச்சை ஃபைபர் குச்சி வைத்த சைட் ஒன்றை வாங்கினேன். தோட்டாக்களை வேறு அறையில் வைத்துப் பூட்டினேன், சிலிண்டரை இரண்டு முறை பார்த்தேன், பேரலுக்குத் தோல் சுற்றி வைஸில் இறுக்கினேன். பழைய சைட்டைக் குறுக்கே பிடித்திருந்த ஆணி, அதாவது குறுக்காணி, நாலே தட்டில் வெளியே வந்துவிட்டது. அதுவரைக்கும் எல்லாம் சரி.

புதிய சைட் ஓட்டை இல்லாமல் வந்தது. பேரல் மேலுள்ள ஓட்டை வழியாகவே துளைத்துக்கொள்ளச் சொல்லி ஒரு துண்டுச் சீட்டு. கை டிரில்லில்தான் செய்தேன். பாதி போனதும் கை ஒரு நூல் சாய்ந்திருக்க வேண்டும். டக். பிட்டின் நுனி உள்ளே மாட்டிக்கொண்டு அதுவே ஆணி மாதிரி சைட்டைப் பிடித்துக்கொண்டது. பத்து நிமிடம் கராஜ் தரையிலேயே உட்கார்ந்திருந்தேன்.

மறுநாள் துப்பாக்கி ரிப்பேர் செய்கிறவரிடம் கொண்டுபோனேன். எதிர்ப்பக்கத்திலிருந்து மெல்லிய பஞ்ச் வைத்துத் தட்டி எடுத்தார். அரிசி நீளத்துக்கு ஒரு கீறல் என் உபயமாக பேரல் மேல் இருக்கிறது. அவர் சொன்ன முறை இது: சைட்டை அதன் இடத்தில் உட்கார வைத்து, பிட்டை விரலால் திருகி இரண்டு பக்கமும் புள்ளி மட்டும் வைக்க வேண்டும். பிறகு வெளியே எடுத்து டிரில் பிரஸ்ஸில் தனியாகத் துளைக்க வேண்டும். இது எனக்கு முதலிலேயே தோன்றியிருக்கலாம்.

இப்போது இன்னொரு தலைவலி. பின் சைட்டின் திருகைக் கடைசி வரை உயர்த்தியும் 15 கஜத்தில் 3 அங்குலம் கீழே அடிக்கிறது.

பாலைவனத்தான்

அண்ணா, இதனால்தான் நான் ரூகர் ஜிபி100 பக்கம் போனேன். பேரல் முனையில் ஒரு சின்ன பிளஞ்சர் (ஸ்பிரிங் தள்ளும் குட்டி ஆணி) இருக்கும். அதை உள்ளே அழுத்தினால் சைட் தானாகக் கழன்று வரும். சுத்தியல் வேண்டாம், டிரில் வேண்டாம். இரண்டு நிமிட வேலை.

எனக்கு அது மூன்று நாள் வேலையானது வேறு கதை. சைட்டைத் தூக்கினேன். பிளஞ்சரும் அதன் பின்னாலிருந்த ஸ்பிரிங்கும் சமையலறை விளக்கொளியில் மின்னிக்கொண்டு பறந்ததைக் கண்ணால் பார்த்தேன், விழுந்த சத்தம் மட்டும் கேட்கவில்லை. நாலு மணிக்கு ரேஞ்சுக்கு வருகிறேன் என்று நண்பரிடம் சொல்லியிருந்தேன். ஃபிரிட்ஜை நகர்த்தினேன், அரிசி மூட்டையைக் கவிழ்த்துப் பார்த்தேன். கடைசியில் என் மகளின் பள்ளிப் பையின் வெளி அறையில் கிடைத்தது. அன்றிலிருந்து பெரிய பிளாஸ்டிக் பைக்குள் இரண்டு கைகளையும் விட்டுத்தான் அந்த வேலையைச் செய்கிறேன்.

ஆனாலும் சொல்கிறேன், குறுக்காணி வைத்ததை வாங்கவே கூடாது.

ஜெர்சி பெரியவர்

பாலைவனத்தான் தம்பி, அந்த வார்த்தை வேண்டாம். குறுக்காணி நல்ல ஏற்பாடு. நாற்பது வருடம் சுட்டாலும் ஆடாது. ஸ்மித்திலும் சில மாடல்களில் நீங்கள் சொல்வது போல ஸ்பிரிங் வைத்த முன் சைட் உண்டு. கோல்ட் பைத்தான் ரிவால்வரில் 1955-இல் வந்த பழையதற்கு ஆணி, 2020-இல் மறுபடி வந்ததற்கு முனையில் ஒரு குட்டித் திருகு. எந்த ஏற்பாடானாலும் மாற்றுகிறவன் கையில்தான் இருக்கிறது.

ஹூஸ்டன் தம்பிக்கு நடந்தது டிரில் பிரச்சினை இல்லை என்பது என் எண்ணம். நிறத்தைப் பார்த்து வாங்கியிருக்கிறீர்கள், உயரத்தைப் பார்க்கவில்லை. முன் சைட் உயர்ந்தால் குண்டு கீழே போகும், தாழ்ந்தால் மேலே போகும். பின் சைட்டுக்கு இது நேர் எதிர். புதியவர்கள் தடுமாறுவது இங்கேதான். எவ்வளவு என்பதற்கு எளிய கணக்கு இருக்கிறது. இலக்கில் எத்தனை அங்குலம் தவறுகிறதோ அதை இரண்டு சைட்டுக்கும் இடையிலுள்ள தூரத்தால் பெருக்கி, இலக்கின் தூரத்தால் வகுக்க வேண்டும். எல்லாமே அங்குலத்தில். உங்கள் சைட்டுகளுக்கு நடுவே 6 அங்குலம் என்று வைத்துக்கொள்வோம். 15 கஜம் என்றால் 540 அங்குலம். 3-ஐ 6-ஆல் பெருக்கி 540-ஆல் வகுத்தால் 0.033. ஒரு அங்குலத்தின் ஆயிரத்தில் முப்பத்து மூன்று பங்கு, அவ்வளவுதான்.

அதற்கும் முன்னால் தோட்டாவைப் பாருங்கள். இதைக் கொஞ்சம் அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. ரிவால்வரில் கனமான குண்டு மேலே அடிக்கும், லேசானது கீழே அடிக்கும். கனமான குண்டு மெதுவாகப் போவதால் பேரலை விட்டு வெளியேறுமுன் உதைப்பு பேரல் முனையைக் கூடுதலாகத் தூக்கிவிடுகிறது. நிலையான சைட் வைத்த .38 ஸ்பெஷல் ரிவால்வர்கள் பெரும்பாலும் 158 கிரெய்ன் (கிரெய்ன் என்பது குண்டின் எடை அளவு) குண்டுக்கு ஒத்துவரும்படி அமைந்தவை. நான் 1980-களில் ஒரு பழைய ஸ்மித் மாடல் 10 ரிவால்வர் வாங்கினேன். அதில் முன் சைட் பேரலோடு ஒரே இரும்பு, கழற்றவே முடியாது. கடையில் மலிவாகக் கிடைத்த 110 கிரெய்னைப் போட்டுச் சுட்டேன், கீழே அடித்தது. அரத்தை எடுத்தேன். ஒரு மாலை முழுக்க உட்கார்ந்து, தேய்ப்பதும் ரேஞ்சுக்கு ஓடிப்போய்ச் சுட்டுப் பார்ப்பதுமாக நடுப்புள்ளியில் விழ வைத்துவிட்டேன். அவ்வளவு சந்தோஷம். அடுத்த மாதம் நண்பர் ஒருவர் ஒரு பெட்டி 158 கிரெய்ன் கொடுத்தார். ஆறும் நடுப்புள்ளிக்கு மேலே ஒரே கொத்தாக விழுந்தன. துப்பாக்கி முதலிலிருந்தே சரியாகத்தான் இருந்திருக்கிறது. தேய்த்த இரும்பு திரும்பி வளருமா? அந்தத் துப்பாக்கியை இன்னும் வைத்திருக்கிறேன், எடுத்துப் பார்க்கும்போதெல்லாம் அந்த முனைதான் முதலில் கண்ணில் படுகிறது.

அதனால் மூன்று வகைத் தோட்டா வாங்குங்கள். மணல் மூட்டை மேல் கையை ஊன்றி ஒவ்வொன்றிலும் பத்து சுடுங்கள். அதன் பிறகு வெர்னியர் அளவுகோலில் சைட்டின் உயரம், அதன் பிறகுதான் புது சைட்.

அட்லாண்டா அக்கா

பெரியவர் சொன்னது அத்தனையும் உண்மை. ஆனால் அய்யா, கண்ணை விட்டுவிட்டீர்கள்.

எனக்கு 48. கல்லூரியில் என்சிசியில் இருந்தபோது ஹவில்தார் சொல்லிச் சொல்லிப் பழக்கியது ஒன்றுதான்: "முன் சைட் நுனியைப் பார், இலக்கு மங்கினால் மங்கட்டும்." முப்பது வருடம் கழித்து இங்கே ஒரு சனிக்கிழமை ரேஞ்சில் கையை நீட்டுகிறேன், இலக்கு பளிச்சென்று தெரிகிறது. முன் சைட் இருக்க வேண்டிய இடத்தில் சாம்பல் நிறத்தில் ஒரு பஞ்சு. கையை மடக்கி, நீட்டி, மூக்குக் கண்ணாடியைத் தூக்கி, இறக்கிப் பார்த்தேன். நுனி வரவே இல்லை. பக்கத்துத் தடத்தில் இருந்தவர் நல்லா இருக்கீங்களா என்று கேட்டார், அவ்வளவு நேரம் அப்படியே நின்றிருக்கிறேன்.

என்னுடையது ஸ்மித் 642 ரிவால்வர். பெரியவரின் மாடல் 10 போல அதிலும் சைட் பேரலோடு சேர்ந்தது. எண்ணெய்ப் பிசுக்கை ஆல்கஹாலால் துடைத்துவிட்டு, முதலில் வெள்ளை நகப்பூச்சு, காய்ந்ததும் மேலே ஆரஞ்சு. வெள்ளை அடியில் இல்லாவிட்டால் ஆரஞ்சு எடுப்பாகத் தெரியாது. இதற்கு ஒன்றரை டாலர்கூட ஆகவில்லை. இருந்தாலும் பஞ்சு இப்போது ஆரஞ்சுப் பஞ்சானது, அவ்வளவுதான்.

தீர்வு கண் மருத்துவரிடம் கிடைத்தது. வீட்டில் சுடுவது போலக் கையை நீட்டி, கண்ணிலிருந்து சைட் வரை ஒரு நூலால் அளந்து, நூலை மட்டும் எடுத்துக்கொண்டு போனேன். தூரப் பார்வைக்கான பவரோடு முக்கால் டயாப்டர் கூட்டி ஒரு கண்ணாடி எழுதிக் கொடுத்தார். போட்டதும் நுனி வந்துவிட்டது, விளிம்பு கத்தி மாதிரி. கண்ணில் தண்ணீர் வந்தது என்று சொல்ல எனக்கு வெட்கமில்லை.

நாற்பதைத் தாண்டியவர்கள் சைட் வாங்குமுன் கண்ணைக் காட்டுங்கள். புராகிரஸிவ் கண்ணாடி (மேலே தூரத்துக்கும் கீழே கிட்டத்துக்கும் பவர் மாறுவது) போட்டால் தலையைப் பின்னால் சாய்க்க வேண்டி வரும், கழுத்து போய்விடும்.

இரவுக் காவல்

இருட்டில் தானாக ஒளிரும் டிரிட்டியம் சைட் வாங்க நினைப்பவர்களுக்கு. பத்து வருடமாக ஒரே சைட், தினமும் பார்த்துப் பார்த்துப் பழகியதால் மங்கியதே தெரியவில்லை. புயல் அடித்து மின்சாரம் போன ஒரு இரவில் உறையிலிருந்து எடுத்தபோதுதான் தெரிந்தது, எதுவுமே ஒளிரவில்லை என்று சொல்கிற அளவுக்கு மங்கிப்போயிருந்தது. சுமார் 12 வருடத்தில் ஒளி பாதியாகும், வாங்கும்போது அது செய்யப்பட்ட வருடத்தைக் கேளுங்கள். உள்ளே இருப்பது கண்ணாடிக் குழாய். ஆணியை அடிக்கும்போது சுத்தியல் அதன்மேல் படவே கூடாது.

கோவை 32

ஊரிலிருந்து படிக்கிறவர்கள் இதையெல்லாம் வீட்டில் முயல வேண்டாம். 1959 ஆயுதச் சட்டப்படி துப்பாக்கிகளைப் பழுதுபார்க்கும் தொழிலுக்கே உரிமம் வேண்டும். அப்பாவின் கான்பூர் .32 ரிவால்வர் இடது பக்கம் அடிக்கிறது என்று உரிமம் பெற்ற கடைக்கு எடுத்துப் போனோம். சைட்டைக் கொஞ்சம் தேய்த்துத் தரச் சொன்னார் அப்பா. கடைக்காரர் அரத்தைத் தொடவில்லை. காலித் துப்பாக்கியை அப்பா கையில் கொடுத்து, விசையை இழுக்கச் சொல்லி, அவர் விரலையே பார்த்துக்கொண்டிருந்தார். "சைட் நேராத்தான் இருக்குங்க, விரல் இழுக்கறப்ப தள்ளுது" என்றார். அப்பா வீட்டுக்கு வரும்வரை பேசவில்லை.

ஹூஸ்டன்வாசி

பெரியவருக்கு நன்றி. டப்பாவில் போட்டிருந்த பழைய சைட்டைத் தேடி எடுத்து இரண்டையும் வெர்னியரில் வைத்தேன். புதியது 0.060 அங்குலம் கூடுதல் உயரம். முன்பு பின் சைட் திருகு நடுவில் இருந்தபோதே நேராக அடித்ததற்கும், இப்போது கடைசி வரை உயர்த்தியும் போதாததற்கும் காரணம் கிடைத்துவிட்டது. 158 கிரெய்னும் போட்டுப் பார்த்தேன், ஒரு அங்குலம் ஏறியது, மீதி இரண்டு அப்படியே இருக்கிறது.

அதே பச்சை ஃபைபரில் பழையதன் உயரத்துக்கு ஒன்று கிடைக்கிறது. ஆர்டர் போட்டுவிட்டேன். அதுவும் ஓட்டை இல்லாமல்தான் வருமாம். நண்பரிடம் டிரில் பிரஸ் இருக்கிறது, சனிக்கிழமை வரச் சொல்லியிருக்கிறார்.