ஜெர்மனிக்குக் கிளம்பும் நம்ம ஏரியாப் பிள்ளைகளுக்கு: சனி, ஞாயிறு வெளியூர்ப் பயணம் பற்றி

ஜெர்மனியிலிருந்து லீவுக்குத் தண்டையார்பேட்டை வந்திருக்கிறேன். ராயபுரம், வண்ணாரப்பேட்டை, வியாசர்பாடி என்று எந்தப் பக்கம் போனாலும் அக்டோபர் செமஸ்டருக்கு ஜெர்மனி கிளம்பும் தம்பியோ தங்கையோ கண்ணில் படுகிறார்கள். ரூம், பார்ட் டைம் வேலை, ஜாக்கெட் எல்லாம் கேட்டு முடித்த பிறகு, தயங்கித் தயங்கி ஒரு கேள்வி வருகிறது. "அண்ணா, அங்க போய் ஊர் சுத்தலாமா? வீட்ல லோன் போட்டு அனுப்புறாங்க, தப்பா நினைப்பாங்களே?"

சுற்றலாம். சுற்றியே ஆக வேண்டும் என்பேன். அதுவும் போன ஒன்றிரண்டு மாதத்துக்குள் ஆரம்பித்துவிடுங்கள்.

நம்ம பக்கம் செட்டு சேர்ப்பது தனியாக ஒரு வேலையே இல்லை. கேரம் போர்டு பக்கத்தில் நாலு நாள் நின்றால் போதும், அஞ்சாம் நாள் கூப்பிட்டு உட்கார வைப்பார்கள். வீட்டில் ஒரு நல்லது கெட்டது என்றால் தெருவே வந்து நிற்கும். அங்கே கதவைச் சாத்திவிட்டால் பக்கத்து ரூமில் யார் என்றே தெரியாது. டிசம்பரில் சாயங்காலம் நாலு மணிக்கெல்லாம் இருட்டிவிடும். காலேஜ், சூப்பர் மார்க்கெட், ரூம், வீட்டுக்கு வீடியோ கால் என்று முதல் குளிர்காலத்தை ஓட்டி, மார்ச்சுக்குள் வாடிப்போன பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். ஒரே வகுப்பில் உட்கார்ந்தும் பேச்சுவார்த்தை இல்லாதவர்கள், ஒரு ராத்திரி ஒரே டார்மிட்டரியில் தங்கி, ரயிலில் ஒரே டப்பா புளிசாதத்தைப் பங்கு போட்டுச் சாப்பிட்டுவிட்டு வந்தால் நண்பர்கள் ஆகிவிடுகிறார்கள். பிறகு உங்களுக்குக் காய்ச்சல் என்றால் கஞ்சி எடுத்துக்கொண்டு வருவது அவர்கள்தான்.

சரி, பணம். மாணவர்கள் பிளாக்ட் அக்கவுண்டில் (விசாவுக்காக முன்கூட்டியே பணம் போட்டு, மாதாமாதம் மட்டும் எடுக்க முடிகிற கணக்கு) போடுவது வருடத்துக்கு 11,904 யூரோ, மாதம் கைக்கு வருவது 992. வாடகையும் இன்சூரன்ஸும் போக மிச்சம் கொஞ்சம்தான். ஆனால் பெரிய செலவான ரயிலுக்கு வழி இருக்கிறது. டாய்ச்லாண்ட் டிக்கெட் என்று ஒரு மாத சீசன் டிக்கெட். 2023 மே மாதம் 49 யூரோவில் ஆரம்பித்தார்கள், 2026 ஜனவரியிலிருந்து 63. நாடு முழுக்க லோக்கல் ரயில், மெட்ரோ, டிராம், பஸ் எல்லாவற்றிலும் ஏறலாம். பல பல்கலைக்கழகங்களில் மாணவர்களுக்கு இன்னும் குறைந்த விலையில் செமஸ்டர் கட்டணத்தோடேயே வந்துவிடும். தனியாக வாங்கினால் அது சந்தா. நிறுத்துவதாக இருந்தால் அந்த மாதம் 10ஆம் தேதிக்குள் சொல்லிவிடுங்கள், இல்லாவிட்டால் அடுத்த மாதப் பணமும் போய்விடும்.

இதை வைத்துக்கொண்டு ஐசிஇ, ஐசி, இசி என்ற தொலைதூர வேக வண்டிகளில் ஏறக் கூடாது. நடைமேடையில் பக்கத்தில் வந்து நிற்கும், பார்க்க நன்றாக இருக்கும், ஏறிவிடாதீர்கள். டிக்கெட் இல்லாமல் பிடிபட்டால் குறைந்தது 60 யூரோ தண்டம். வேலைக்குப் போகும் நண்பர்களிடம் இந்தச் சீசன் இல்லை என்றால், அந்தந்த மாநிலத்தின் ஒருநாள் குரூப் டிக்கெட் பாருங்கள். ஐந்து பேர் வரை ஒரே டிக்கெட். வார நாளில் காலை 9 மணிக்குப் பிறகுதான் செல்லும், சனி ஞாயிறு நள்ளிரவிலிருந்தே செல்லும். அதனால் ஐந்து பேருக்கு மேல் செட்டு வேண்டாம். பத்துப் பேர் கிளம்பினால் எங்கே சாப்பிடுவது என்று முடிவெடுக்கவே பாதி நாள் போகும்.

முதல் பயணமே பாரிஸ், பிரஸ்ஸல்ஸ், ஆம்ஸ்டர்டாம் என்று இரண்டு நாளில் மூன்று நாடு போடுவார்கள். ராத்திரி பஸ்ஸில் தூங்காமல் போய், கோபுரத்துக்குக் கீழே போட்டோ எடுத்துவிட்டு, திங்கட்கிழமை வகுப்பில் தூங்குவார்கள். வேண்டாம். ஒரு ஊர், ஒரு ராத்திரி. பாரிஸ் எங்கேயும் ஓடிவிடாது.

எந்த ஊர் என்று கேட்டால், நம்ம ஆட்களுக்கு நான் சொல்வது துறைமுக ஊரான ஹாம்பர்க். நான் இருப்பது ஹனோவரில். அங்கிருந்து ஐசிஇயில் ஒன்றரை மணி நேரத்துக்குள் போய்விடலாம். லோக்கல் வண்டி என்றால் யூல்ட்ஸன் என்ற ஊரில் மாறிப் போக வேண்டும், கூடுதல் நேரம் ஆகும், ஆனால் சீசன் டிக்கெட் போதும். சனிக்கிழமை காலை கிளம்பி, ராத்திரி ஹாஸ்டலில் தங்கி, ஞாயிறு விடியற்காலையில் எழுந்து மீன் சந்தைக்குப் போங்கள். 1703லிருந்து நடக்கும் சந்தை. கோடையில் காலை 5 மணிக்கும் குளிர்காலத்தில் 7 மணிக்கும் ஆரம்பித்து, 9.30க்கு முடிந்துவிடும். லாரியின் பின்பக்கம் நின்றுகொண்டு ஒருவர் அடித்தொண்டையில் கத்தி விலை சொல்வார், புகை போட்ட விலாங்கு மீனை ஒவ்வொன்றாக எடுத்துப் பையில் போட்டுக்கொண்டே போவார், சுற்றி நிற்கும் கூட்டம் சிரிக்கும். ஞாயிற்றுக்கிழமை காசிமேட்டில் கூடையைச் சுற்றி நின்று ஏலம் கேட்டு வளர்ந்தவனுக்கு, பாஷை புரியாவிட்டாலும் அங்கே நடப்பது எல்லாம் புரியும். பன்னுக்குள் மீன் வைத்துக் கொடுப்பார்கள். உப்பில் ஊறவைத்த ஹெர்ரிங் வேக வைக்காதது, நமக்கு முதல் தடவை ஒத்துக்கொள்ளாமல் போகலாம். பொரித்த மீன் வைத்ததைக் கேட்டு வாங்குங்கள்.

அங்கிருந்தே 62ஆம் நம்பர் படகில் ஏறுங்கள். அது சுற்றுலாப் படகு இல்லை, ஊர் பஸ் மாதிரி ஓடுவது, சீசன் டிக்கெட்டே செல்லும். மேல்தளத்தில் நின்றால் கன்டெய்னர் கப்பல்களும் கிரேன்களும் பக்கத்திலேயே வரும். நாம் துறைமுகத்துக்குப் பக்கத்தில் பிறந்தவர்கள், ஆனால் பார்த்ததெல்லாம் மதில் சுவரும், எண்ணூர் நெடுஞ்சாலையில் வரிசை கட்டி நிற்கும் கன்டெய்னர் லாரியும்தான். ஒரு துறைமுகத்தை உள்ளேயிருந்து பார்க்க அங்கே யாருடைய சிபாரிசும் வேண்டாம். என்னோடு வந்த புதுவண்ணாரப்பேட்டைத் தம்பி ஒருவன், அப்பா துறைமுகத்தில் வேலை பார்த்தவர், கடைசி நிறுத்தம் வரை உட்காரவே இல்லை. திரும்பி வந்ததும் எல்பே ஆற்றுக்கு அடியில் போகும் பழைய சுரங்கப்பாதையையும் பாருங்கள். 1911இல் திறந்தது, 426 மீட்டர், நடந்து போக இலவசம்.

எல்லை தாண்டிப் போவதாக இருந்தால் காகிதம் சரியாக இருக்க வேண்டும். ஜெர்மன் ரெசிடென்ஸ் கார்டு இருந்தால் மற்ற ஷெங்கன் நாடுகளுக்கு (ஒரே விசா ஏற்பாட்டில் இருக்கும் ஐரோப்பிய நாடுகள்) 180 நாளில் 90 நாள் வரை விசா இல்லாமல் போகலாம். ஸ்விட்சர்லாந்து இதில் உண்டு. லண்டனும் டப்ளினும் கிடையாது, தனி விசா எடுக்க வேண்டும். பாஸ்போர்ட், கார்டு இரண்டும் ஒரிஜினலாகக் கையில் இருக்கட்டும். போனில் இருக்கும் போட்டோ செல்லாது. 2024 செப்டம்பரிலிருந்து ஜெர்மனியின் எல்லா நில எல்லைகளிலும் சோதனை நடக்கிறது, ராத்திரி பஸ்ஸை நிறுத்தி எழுப்பிக் கேட்பார்கள். விசா முடிந்து, புதுக் கார்டு வராமல் நடுவில் ஒரு தாள் மட்டும் கொடுத்திருக்கிறார்கள் என்றால், கார்டு வரும் வரை ஜெர்மனிக்குள்ளேயே சுற்றுங்கள். உள்ளேயே பார்க்க எவ்வளவோ இருக்கிறது.

ஹெல்த் கார்டின் பின்பக்கம் ஐரோப்பிய இன்சூரன்ஸ் கார்டு இருக்கும். பலருக்கும் தெரியாதது, இந்திய பாஸ்போர்ட் வைத்திருப்பவர்களுக்கு அது ஸ்விட்சர்லாந்து, டென்மார்க், நார்வே, ஐஸ்லாந்தில் செல்லாது. அங்கே போவதற்கு முன் சின்னதாக ஒரு டிராவல் இன்சூரன்ஸ் போட்டுக்கொள்ளுங்கள். ஸ்விட்சர்லாந்தில் போன் டேட்டாவும் பல திட்டங்களில் தனிக் காசு.

அப்புறம் கணக்கு. நட்பு உடைவது பெரும்பாலும் இங்கேதான். கிளம்பும் முன்பே, செட்டில் யாரிடம் பணம் குறைவோ அவரால் எவ்வளவு முடியும் என்று தனியாகக் கேளுங்கள், அந்த அளவுக்குத் திட்டம் போடுங்கள். எல்லோர் முன்னாலும் கேட்டால் "எனக்கு ஓகே" என்றுதான் சொல்வார், மாதக் கடைசியில் பட்டினி கிடப்பார். அன்றன்றைய செலவை அன்று ராத்திரியே செலவைப் பங்கு பிரிக்கும் ஆப்பில் ஏற்றிவிடுங்கள்.

ஞாயிறு அங்கே கடைகள் மூடியிருக்கும். பெரிய ரயில் நிலையங்களுக்குள் இருப்பவைதான் திறந்திருக்கும், விலையும் கூட. வேண்டியதைச் சனிக்கிழமையே வாங்கிவிடுங்கள். திரும்பும்போது கடைசி வண்டியை நம்பாமல் அதற்கு முந்தைய வண்டியைப் பிடியுங்கள், தாமதம் அங்கேயும் சகஜம்.

வீட்டில் இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. பிள்ளை போட்டோ போட்டால் "படிக்க அனுப்பினா ஊர் சுத்துறியா" என்று கேட்காதீர்கள். கேட்டால் போவதை நிறுத்த மாட்டார்கள், சொல்வதைத்தான் நிறுத்துவார்கள். பிள்ளைகளே, நீங்களும் போகும் ஊர், தங்கும் இடம், கூட வருபவர் ஒருவரின் நம்பர், திரும்பும் வண்டி, இவ்வளவையும் கிளம்பும் முன் வீட்டுக்கு அனுப்புங்கள். அங்கே ராத்திரி எட்டு மணி என்றால் இங்கே பதினொன்றரை, குளிர்காலத்தில் பன்னிரண்டரை. ரூமுக்குத் திரும்பிய பிறகு சொல்லலாம் என்று இருக்காமல், ரயிலில் ஏறியதும் ஒரு மெசேஜ் போட்டுவிடுங்கள். அவசரம் என்றால் ஐரோப்பிய ஒன்றியத்தில் எந்த நாட்டிலும் 112.