திருமயிலை பறக்கும் ரயில் நிலையம் இவ்வளவு பெரிதாகக் கட்டப்பட்டது ஏன்?

மாடவீதி மாணவன் (கேள்வி):

அனைவருக்கும் வணக்கம். கட்டடக்கலை இரண்டாம் ஆண்டு பயில்கிறேன். பொதுமக்கள் புழங்கும் கட்டடம் ஒன்றை நேரில் பார்த்து அதன் தள அமைப்பை வரைந்து வர வேண்டும் என்று வகுப்பில் சொன்னதால், வீட்டுக்கு அருகிலுள்ள திருமயிலை பறக்கும் ரயில் நிலையத்தைத் தேர்ந்தெடுத்தேன். வரைய உட்கார்ந்த பிறகுதான் அந்தக் கட்டடம் எனக்குப் பிடிபடவில்லை என்பது தெரிந்தது. தெருவிலிருந்து நடைமேடைக்குச் செல்லும் வழியில், ஒரு காய்கறிச் சந்தையே நடத்தலாம் என்னும்படியான கூடங்கள் வெறுமையாகக் கிடக்கின்றன. பயணச்சீட்டு வாங்கவும் படியேறவும் தேவைப்படும் இடம் மொத்தப் பரப்பில் ஒரு மூலைதான். ரயில் ஏன் இவ்வளவு உயரத்தில் ஓடுகிறது, கட்டடம் ஏன் சாலையை ஒட்டி நிற்காமல் கால்வாயின்மேல் படுத்திருக்கிறது, நடுவில் உள்ள தளங்கள் யாருக்காகக் கட்டப்பட்டன என்பவற்றை விவரம் அறிந்தவர்கள் விளக்கினால் உதவியாக இருக்கும்.

கூவம் கரையோன்:

தம்பி, இந்த நிலையத்தைக் கட்டடமாக மட்டும் பார்த்தால் விடை கிடைக்காது. அதன் அடியில் ஓடும் பக்கிங்காம் கால்வாயிலிருந்து தொடங்க வேண்டும். சென்னையிலிருந்து எண்ணூர் நோக்கி 1806-இல் வெட்டத் தொடங்கிய கால்வாய் அதை வெட்டியவர் பெயரால் காக்ரேன் கால்வாய் என்று வழங்கியது. பின்னர் அது வடக்கேயும் தெற்கேயும் நீண்டுகொண்டே போனது. ஆனால் கூவம் ஆற்றையும் அடையாற்றையும் இணைக்கும் சுமார் 8 கிலோமீட்டர் துண்டு மட்டும் நெடுநாள் வெட்டப்படாமலே இருந்தது. தாது வருடப் பஞ்சத்தில் மக்கள் கூட்டம் கூட்டமாகச் சென்னைக்கு வந்து சேர்ந்தபோது, அவர்களுக்குக் கூலி கொடுப்பதற்காகவே அந்தத் துண்டை 1877–78-இல் வெட்டினார்கள். அப்போது ஆளுநராக இருந்த பக்கிங்காம் கோமகனின் பெயரே பிறகு முழுக் கால்வாய்க்கும் நிலைத்தது. சேப்பாக்கத்திலிருந்து திருவல்லிக்கேணி, மயிலாப்பூர், மந்தைவெளி வழியாக அடையாறு வரை பறக்கும் ரயில் ஏறக்குறைய அந்தத் துண்டின்மேல்தான் ஓடுகிறது.

விறகும் உப்பும் ஏற்றிவந்த படகுகள் இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்குப் பிறகு குறைந்து, 1960-களிலும் 1970-களிலும் அடித்த புயல்களுக்குப் பின் கால்வாய்ப் போக்குவரத்து அடியோடு நின்றுபோனது. ஆக, ஊரின் நட்ட நடுவே, எவருடைய வீட்டையும் இடிக்காமல், வடக்கு தெற்காக நீண்டு கிடந்த ஒரே அரசு நிலம் அந்தக் கால்வாய்தான். நகருக்குப் புதிய ரயில் தடம் வேண்டும் என்று 1970-களில் தொடங்கிய திட்டமிடல் 1980-களில் ஒப்புதல் பெற்றபோது, கொல்கத்தா மண்ணுக்கடியில் சுரங்கம் தோண்டி 1984-இல் மெட்ரோவை ஓடவிட்டிருந்தது. சென்னை கால்வாய்க்குள் தூண்களை நட்டு மேலே ஏறியது. நிலம் கையகப்படுத்தும் செலவு மிச்சம் என்பதே இதற்குப் பெரிய காரணம். மிச்சம் பிடித்ததன் விலையைக் கால்வாய் கொடுத்தது. தூண்களுக்கு இடையில் வண்டலும் குப்பையும் தேங்கி, மழைநீர் வடியும் வழி குறுகிப்போனது என்பது என் திடமான கருத்து.

கடற்கரை நிலையத்திலிருந்து சேப்பாக்கம் வரை 1995 நவம்பர் 1 அன்று ரயில் ஓடத் தொடங்கியது. உயர்த்தப்பட்ட தடத்தில் ஓடும் நகர ரயில் இந்தியாவில் அதுவே முதல். 1997 அக்டோபர் 19 அன்று திருமயிலை வரை நீண்டபோது முதல் கட்டம் நிறைவடைந்தது. 8.55 கிலோமீட்டர் கொண்ட அந்தக் கட்டத்தில் கடற்கரை, கோட்டை, பூங்கா நகர் வரையிலான 2.75 கிலோமீட்டர் தரையிலேயே அமைந்தது, எஞ்சியதுதான் மேலே. 2004 ஜனவரி 26 அன்று திருவான்மியூர் வரை தடம் திறக்கப்படும் வரை, ஆறு ஆண்டுகளுக்கும் மேலாகத் திருமயிலையே கடைசி நிலையம். வேளச்சேரிக்கு ரயில் போய்ச் சேர்ந்தது 2007 நவம்பர் 19 அன்று.

தூண் கணக்கு:

மேலே நண்பர் வரலாற்றைச் சொல்லிவிட்டார். அமைப்பைப் பற்றி நான் சொல்கிறேன். ஒரு கட்டுமான நிறுவனத்தில் பாலப் பணிகளைப் பார்ப்பவன் என்பதால் சற்று நுணுக்கமாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில், இந்தத் தடத்தில் ஓடுவது தாம்பரம் மார்க்கத்தில் ஓடும் அதே புறநகர் மின்வண்டிதான்: 1,676 மில்லிமீட்டர் அகலப்பாதை, 3.66 மீட்டர் அகலமுள்ள பெட்டிகள். 2015-இல் ஓடத் தொடங்கிய சென்னை மெட்ரோவோ 1,435 மில்லிமீட்டர் பாதையில் ஏறக்குறைய 2.9 மீட்டர் அகலப் பெட்டிகளைக் கொண்டது. அந்த மெலிந்த வண்டியைச் சாலைத் தடுப்பின் நடுவே நிற்கும் ஒற்றைத் தூண் தாங்கிவிடுகிறது. பறக்கும் ரயிலுக்குத் தளமும் பாரமும் அதிகம். போதாக்குறைக்கு, கால்வாய்க்கு மேலே கட்டும்போது தண்ணீருக்கும் கரைக்கும் இடம்விட்டுக் கால் ஊன்ற வேண்டும். அதனால்தான் நிலையப் பகுதியில் தூண்கள் வரிசை வரிசையாக, குறுக்கு விட்டங்களோடு சட்டம் கட்டியது போல் நிற்பதைப் பார்க்கிறீர்கள்.

இரண்டாவது, உயரம். கால்வாயைக் குறுக்கே கடக்கும் சாலைகள் ஏற்கெனவே பாலங்களின்மேல் போகின்றன. அந்தப் பாலங்களில் செல்லும் பேருந்துக்கும் சரக்குந்துக்கும் தலை தட்டாமல் ரயில் தளம் செல்ல வேண்டும். நிலையம் வரும் இடத்தில், தண்டவாளத்துக்குக் கீழே மக்கள் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் நடக்க ஒரு நடுத்தளமும் வேண்டும். இங்கே இரண்டு தண்டவாளங்களும் நடுவிலும் நடைமேடைகள் அவற்றின் இரு வெளிப்பக்கங்களிலும் அமைந்துள்ளன. இந்த அமைப்பில் தடத்தை வளைக்காமல் நேராகக் கொண்டுபோகலாம் என்பது பொறியாளருக்கு ஆதாயம். பயணிக்கோ, கடற்கரைக்கா வேளச்சேரிக்கா என்பதை நடுத்தளத்திலேயே முடிவுசெய்து அதற்குரிய படியில் ஏற வேண்டிய கட்டாயம். தவறான பக்கம் ஏறிவிட்டால் முழுதும் கீழே இறங்கி மீண்டும் ஏறத்தான் வேண்டும். எதிரே வந்து நிற்கும் வண்டியைக் கண்டு கையைப் பிசைந்துகொண்டு நிற்பவர்களைத் தினமும் பார்க்கலாம்.

மூன்றாவதாக நீங்கள் கேட்ட வெற்றுத் தளங்கள். அவை கணக்குப் பிழையால் வந்தவை அல்ல. நிலையக் கட்டடங்களில் கடைகளையும் அலுவலகங்களையும் வாடகைக்கு விட்டு, அந்த வருவாயால் ரயிலின் நட்டத்தை ஈடுகட்டலாம் என்று எண்ணித்தான் அவ்வளவு பரப்பையும் கட்டினார்கள். எண்ணம் பழுதில்லை, உலகின் பல நகரங்களில் அது நடந்திருக்கிறது. ஆனால் கடைக்குக் கூட்டம் வேண்டும், கூட்டம் வர ரயிலும் பேருந்தும் ஒன்றோடொன்று கைகோக்க வேண்டும். கால்வாய் என்பது ஊரின் முதுகுப்புறம். வீடுகளும் கடைகளும் அதற்குப் புறம்காட்டித்தான் கட்டப்பட்டிருந்தன. கச்சேரி சாலையிலும் வடக்கு மாடவீதியிலும் அலைமோதும் கூட்டத்துக்கு, பொருள் வாங்க நிலையத்துக்குள் நுழைந்து ஒரு மாடி ஏற வேண்டிய தேவையே எழவில்லை. கிரிக்கெட் ஆட்டம் நடக்கும் நாளில் சேப்பாக்கம் நிலையம் நிரம்பி வழிவதைப் பார்த்தவர்களுக்கு, குறை கட்டடத்தின் அளவில் மட்டும் இல்லை என்பது விளங்கும்.

மாடவீதி மாணவன்:

இருவருக்கும் மிக்க நன்றி. ஒரு சிறு ஐயம். அடுத்துள்ள முண்டகக்கண்ணியம்மன் கோயில் நிலையம் இதே கால்வாயின்மேல், இதே தடத்தில்தான் உள்ளது. அது மட்டும் ஏன் இவ்வளவு சிறியதாக இருக்கிறது?

தூண் கணக்கு:

அது பின்னால் வந்தது. கலங்கரை விளக்கத்துக்கும் திருமயிலைக்கும் இடையில் ரயில்கள் பல ஆண்டுகள் நிற்காமல் ஓடிய பிறகு, 2014 ஏப்ரல் 14 அன்றுதான் அந்த நிலையம் திறக்கப்பட்டது. ஓடிக்கொண்டிருக்கும் தடத்தை ஒட்டி நடைமேடைகளைச் சேர்ப்பதுதான் அங்கே வேலையாக இருந்தது. முந்தைய நிலையங்களின் வெற்றுக் கூடங்களைக் கண்ணால் பார்த்துவிட்ட பிறகு இன்னொரு மாளிகையைக் கட்ட யாருக்கும் மனம் வந்திருக்காது என்பது என் ஊகம். உங்கள் பயிற்சிக்கு இரண்டையும் ஒரே அளவுகோலில் பக்கத்தில் பக்கத்தில் வரைந்து காட்டுங்கள்; ஆசிரியருக்கு நீங்கள் விளக்கம் எழுத வேண்டியதே இருக்காது.

வேளச்சேரி வண்டி:

நிதி தொடர்பாக ஒன்றைச் சேர்க்க விரும்புகிறேன். முதல் கட்டத்தின் செலவை ரயில்வேயே ஏற்றது. திருமயிலைக்குத் தெற்கே உள்ள இரண்டாம் கட்டத்தில் மூன்றில் இரண்டு பங்கை மாநில அரசும் ஒரு பங்கை ரயில்வேயும் ஏற்றன. திருமயிலை முதல் கட்டத்தின் கடைசி நிலையம் என்பதால், அதைத் திருவான்மியூர், தரமணி நிலையங்களோடு ஒப்பிடும்போது இந்த வேறுபாட்டை மனத்தில் கொள்ளுங்கள்.

கூவம் கரையோன்:

இன்னொன்றும் உண்டு. மாதவரத்திலிருந்து சிறுசேரிக்கும், கலங்கரை விளக்கத்திலிருந்து பூந்தமல்லிக்கும் செல்லும் இரண்டு மெட்ரோ வழித்தடங்கள் இதே திருமயிலையில் மண்ணுக்கடியில் சந்திக்கும்படி திட்டமிடப்பட்டுள்ளன. பணி ஏறக்குறைய 35 மீட்டர் ஆழம் வரை செல்கிறது. சுரங்கங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்படுகின்றன. ஆகவே குறுக்குவெட்டுப் படத்தைக் கிழக்கு மேற்காக வெட்டுங்கள். தடம் வடக்கு தெற்காகப் போவதால், அந்த வெட்டில்தான் இரு நடைமேடைகள், தண்டவாளங்கள், நடுத்தளம், தூண்களின் இடையே ஓடும் கால்வாய் ஆகிய அனைத்தும் ஒரே தாளில் விழும். தாளின் கீழ்ப்பாதியை மட்டும் மெட்ரோவுக்காக விட்டு வையுங்கள்.