ட்வின் ஸ்பிண்டில் லேத்: இணைக்கதிரா, எதிர்க்கதிரா?

ஐயா, வணக்கம். ட்வின் ஸ்பிண்டில் லேத்துக்கு, அதாவது பீஸைப் பிடித்துச் சுற்றும் ஸ்பிண்டில் இரண்டு உள்ள கடைசல் மெஷினுக்கு, நீங்கள் சொன்ன ‘இரட்டைச் சுழல்தண்டுக் கடைசல் எந்திரம்’ என்ற பெயர் தப்பில்லை. ஆனால் பட்டறையில் ட்வின் ஸ்பிண்டில் என்று இரண்டு வேறு வேறு மெஷின்களைச் சொல்கிறோம். அதைப் பிரிக்காமல் பெயர் வைத்தால், பாடத்தில் படித்துவிட்டு வரும் பையன் மெஷின் முன்னால் நின்று குழம்பிப்போவான்.

ஒரு வகையில் இரண்டு ஸ்பிண்டிலும் பக்கத்தில் பக்கத்தில், ஒரே திசையைப் பார்த்து இருக்கும். பேரிங் ரிங், பல் வெட்டாத கியர் பிளாங்க் மாதிரி ஆயிரக்கணக்கில் ஓடும் வேலைக்கு. இடது சக்கில், அதாவது ஸ்பிண்டில் முனையில் பீஸைப் பிடிக்கும் பிடியில், ஒரு முகம் முடிந்ததும் மேலே ஓடும் லோடர் அதை எடுத்துத் திருப்பி வலது சக்கில் வைக்கும். முதல் முகத்துக்கு 40 நொடி, அடுத்ததற்கு 25 நொடி என்றால் 40 நொடிக்கு ஒரு பீஸ்தான், லோடிங் நேரம் தனி.

இன்னொரு வகையில் இரண்டும் நேருக்கு நேர் இருக்கும். பார் கம்பியில் முன் முகம் முடிந்ததும் எதிரில் இருக்கும் ஸ்பிண்டில் அதே வேகத்தில் சுற்றிக்கொண்டே வந்து பீஸைப் பிடிக்கும், பிடித்த பிறகுதான் பார்ட்டிங் டூல் அறுக்கும். அறுத்த இடத்தில் நடுவில் ஒரு சின்ன முனை நிற்குமே, அதையும் அங்கேயே சீவிவிடலாம். முன்பெல்லாம் இதற்காகவே வேறு லேத்தில் திருப்பிப் பிடிப்போம். சக்கில் பீஸைக் கவ்வும் ஜாவுக்கு அடியில் ஒரு துகள் மாட்டினால் போதும், இரண்டு பக்கமும் ஒரே மையத்தில் வராது. அப்படி ஒரு தட்டு நிறையப் பித்தளைப் பீஸ்களை நானே ஸ்கிராப்பில் கொட்டியிருக்கிறேன்.

சரி, சொல்லுக்கு வருகிறேன். தண்டு என்றால் ஷாஃப்ட்டும் அதுதானே? ஸ்பிண்டிலுக்குக் ‘கதிர்’ இருக்கிறது. நூற்பாலையில் இத்தனை ஆயிரம் கதிர் என்றுதான் மில்லின் அளவையே சொல்வார்கள், அகராதியிலும் நூற்கும் கதிர் என்ற பொருள் உண்டு. ஒளிக்கதிரோடு குழம்பும் என்று ஒருவர் எழுதியிருந்தார், ‘கடைசல்’ கூட வரும்போது குழம்பாது. ஆகவே பக்கத்தில் இருப்பது இணைக்கதிர்க் கடைசல் எந்திரம், நேருக்கு நேர் இருப்பது எதிர்க்கதிர்க் கடைசல் எந்திரம். எதிர் என்றால் பகை என்று யாரும் எடுத்துக்கொள்ள மாட்டார்கள், எதிர்வீடு என்று தினமும் சொல்கிறோமே.

அப்புறம், எதிரில் இருந்து வந்து பிடிக்கும் சப் ஸ்பிண்டிலுக்குத் ‘துணைக்கதிர்’ வேண்டாம். பின்முக வேலை முழுவதையும் செய்வதைத் துணை என்று ஒதுக்க எனக்கு மனம் வரவில்லை. அது வந்து பீஸை ஏந்திக்கொள்கிறது, அதனால் ‘ஏந்துகதிர்’. முன் முகத்தை முடித்துக் கொடுக்கும் மெயின் ஸ்பிண்டில் ‘முதற்கதிர்’.

‘முதற்கதிரும் ஏந்துகதிரும் ஒரே வேகத்தில் சுழலும்போது பொருள் கைமாறும்’ என்று ஐ.டி.ஐ. பாடத்தில் ஒரு வரி எழுதிப் பாருங்கள், படம் இல்லாமலே பையனுக்குப் புரிந்துவிடும்.