டைப் 1 சர்க்கரையோடு வீல்சேர் ஓட்டம்: இன்சுலின் அளவும் ஊக்கமருந்து விதியும், தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

தேவகோட்டை ரஸ்தா:
வணக்கம். தம்பிக்கு வயது 22, டைப் 1 சர்க்கரை. முதுகுத்தண்டில் மார்புப் பகுதி 10-ஆம் எலும்பில் அடி. இடுப்புக்குக் கீழே உணர்வு கிடையாது. ரேஸ் வீல்சேரில் டி54 என்ற மாற்றுத்திறனாளித் தடகளப் பிரிவு, 400, 1500 மீட்டர். காரைக்குடியில் காலை 6 மணிக்குப் பயிற்சி. 5 மணிக்கு 2 இட்லி, 4 யூனிட் வேக இன்சுலின். 40-ஆவது நிமிடத்தில் சர்க்கரை 65-க்கு இறங்குகிறது. ஆனால் 400 மீட்டர் டைம் டிரையல் நாளில் அதே இட்லி, அதே ஊசி, முடிந்ததும் 260! ஏன் இப்படி? இன்சுலின் தடைப்பட்டியலில் இருக்கிறது என்கிறார்களே, மாநிலத் தேர்வுக்கு முன் என்ன செய்ய வேண்டும்? சித்திரை வெயிலில் ஊசியை எப்படிக் காப்பது?

செம்மண் பாதை:
இரண்டு நாளும் நடப்பது வேறு வேறு. வேக இன்சுலின் போட்ட ஒன்று முதல் ஒன்றரை மணி நேரத்தில்தான் உச்சத்தில் வேலை செய்யும். தம்பி சரியாக அந்த நேரத்தில் சீராகத் தள்ளுகிறார். தசையும் சர்க்கரையை இழுக்கிறது, ஊசியும் இழுக்கிறது. இறங்காமல் என்ன செய்யும்? 400 மீட்டர் முழு வேகம் என்றால் அட்ரினலின் ஏறி, கல்லீரல் சேமித்ததை ரத்தத்தில் கொட்டிவிடும். அந்த 260-ஐப் பார்த்ததும் ஊசி போடுவதுதான் பலர் செய்யும் தவறு. ஒன்றிரண்டு மணி நேரத்தில் பெரும்பாலும் தானாக இறங்கும். முழு அளவு போட்டால் மதியமோ, இரவு 2 மணிக்கோ சர்க்கரைத் தாழ்நிலை வரும். போட்டே ஆக வேண்டுமென்றால் ஏறிய சர்க்கரையை இறக்க வழக்கமாகப் போடும் திருத்த அளவில் பாதி, அதுவும் டாக்டர் ஒப்புதலோடு.

நீண்ட பயிற்சி நாளில் இரண்டு வழி. உணவு ஊசியைப் பாதியாகக் குறைப்பது ஒன்று. இல்லையென்றால் நீடித்த இன்சுலினை மட்டும் நம்பி வெறும் வயிற்றில் தள்ளிவிட்டு, 7.30-க்குச் சாப்பிட்டு ஊசி போடுவது. இரண்டாவதில் தாழ்நிலை குறைவாக வரும். எதையும் ஒரு வாரத்துக்கு ஒன்றாக மாற்றுங்கள். இரண்டையும் சேர்த்து மாற்றினால் எது வேலை செய்தது என்று தெரியாது.

தொடங்கும் முன் 126 முதல் 180 வரை இருந்தால் நல்லது. 90-க்குக் கீழே என்றால் 10 முதல் 20 கிராம் குளுக்கோஸ் எடுத்து, ஏறிய பிறகுதான் சக்கரத்தைத் தொட வேண்டும். 270-க்கு மேல் காரணம் புரியாமல் இருந்தால் ரத்தக் கீட்டோன் (இன்சுலின் போதாமல் உடல் கொழுப்பை எரிக்கும்போது சேரும் அமிலம்) பாருங்கள், 1.5 மில்லிமோல் அல்லது அதற்கு மேல் என்றால் அன்று பயிற்சியே வேண்டாம். இன்னொன்று: காலால் ஓடுபவருக்கு எழுதிய மாவுச்சத்துக் கணக்கை அப்படியே எடுக்காதீர்கள். கை, தோள் தசை மட்டும் உழைப்பதால் எரிவது குறைவு. 10 கிராமில் தொடங்கி, பதிவேடு பார்த்து ஏற்றுங்கள்.

கோட்டையூர் ஆச்சி:
தம்பி, தாழ்நிலைக்குக் கவுனி அரிசியும் கந்தரப்பமும் கொடுத்துவிடாதீர்கள். தேங்காயும் எண்ணெயும் சேர்ந்தால் சர்க்கரை ரத்தத்துக்கு வரத் தாமதமாகும். இளநீரும் போதாது, ஒரு டம்ளரில் 10 கிராம்கூட இருக்காது. 15 கிராம் குளுக்கோஸ் பொடியைத் தண்ணீரில் கலந்து கொடுத்து, 15 நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள். கையில் பழச்சாறு ஒட்டியிருந்தால் மீட்டர் பொய்யாகக் கூட்டிக் காட்டும். கழுவித் துடைத்த பிறகே குத்த வேண்டும்.

ஊசிக்கு: திறக்காதது 2 முதல் 8 டிகிரியில். பயன்பாட்டில் உள்ள பேனா 30 டிகிரிக்குள் இருந்தால் பெரும்பாலான வகைகள் 28 நாள் தாங்கும். பெரிய மண்பானைக்குள் ஈர மணல், நடுவில் சின்னப் பானை, மேலே ஈரத்துணி. வளவில் (வீட்டு உள்முற்றத்தில்) வெயில் படாத, காற்று வரும் மூலையில் வையுங்கள். சித்திரையில் நன்றாகக் குளிரும். ஐப்பசி மழையில் காற்றே ஈரமாக இருப்பதால் அவ்வளவு குளிராது. மைதானத்துக்கு எடுத்துப்போகும்போது ஐஸ்கட்டிமேல் நேராக வைக்காதீர்கள். ஒருமுறை உறைந்த இன்சுலினைத் தூக்கிப்போட வேண்டியதுதான்.

பள்ளத்தூர் விசில்:
விதி விஷயம். இன்சுலின் வாடா (உலக ஊக்கமருந்து தடுப்பு முகமை) தடைப்பட்டியலில் எஸ்4 பிரிவு. போட்டி நாள், பயிற்சி நாள் எல்லாவற்றுக்கும் தடை. ஆனால் மருத்துவத் தேவைக்கு விலக்கு உண்டு. தேசிய அளவு வரை நாடாவிடம் (இந்திய ஊக்கமருந்து தடுப்பு முகமை) விண்ணப்பம், சர்வதேச வீரர் ஆனால் சர்வதேசக் கூட்டமைப்பிடம். நோய் கண்டறிந்தபோதைய அறிக்கை, எச்பிஏ1சி (மூன்று மாதச் சராசரிச் சர்க்கரைப் பரிசோதனை), சிறப்பு மருத்துவர் கடிதம், மருந்தின் பெயரும் அளவும் வேண்டும். கடைசி வாரத்தில் ஓடாமல் இப்போதே தொடங்குங்கள்.

பலர் கோட்டைவிடும் இடம் ரத்த அழுத்த மாத்திரை. டெல்மிசார்டானோடு ஹைட்ரோகுளோரோதயசைடு சேர்ந்த கூட்டு மாத்திரைகள் உண்டு. அது சிறுநீர் பெருக்கி, தடை செய்யப்பட்டது. அட்டையின் பின்புறம் படியுங்கள். தாழ்நிலைக்கு டிரிப் ஏற்றினாலும், 12 மணி நேரத்தில் 100 மில்லிக்கு மேல் போனால் விதி குறுக்கே வரும். மருத்துவமனைச் சிகிச்சையாக ஏற்றினால் பிரச்சினை இல்லை. ரசீதையும் குறிப்பையும் பத்திரப்படுத்துங்கள்.

உடலில் ஒட்டிய சர்க்கரைச் சென்சாரைப் பார்க்கும் போனை, ஓட்டத்துக்கு முன் வீரர்களைச் சரிபார்க்கும் அழைப்பு அறையில் வாங்கி வைத்துவிடுவார்கள். தொழில்நுட்ப அதிகாரியிடம் முன்கூட்டியே எழுத்தில் அனுமதி கேளுங்கள். பாகிஸ்தான் வீரர் வாசிம் அக்ரமுக்கு 1997-இல் சர்க்கரை கண்டுபிடித்தார்கள், 2003 வரை சர்வதேசக் கிரிக்கெட் ஆடினார். தம்பி தாராளமாகப் போட்டியிடலாம். விலக்குக் கடிதம் மட்டும் கையில் இருக்கட்டும்.

தேவகோட்டை ரஸ்தா:
ரொம்ப நன்றி ஆச்சி, நன்றி அண்ணன்மாரே. ரேஸ் சேரில் ஊசிக்குப் பதில் இன்சுலின் பம்ப் பொருத்தலாமா?

செம்மண் பாதை:
பொருத்தலாம், இடம்தான் முக்கியம். ரேஸ் சேரில் மடங்கி உட்காரும்போது வயிறு தொடையில் அழுந்தும். குழாய் நெரிந்து இன்சுலின் நின்றுவிடும். இடுப்பின் பக்கவாட்டு, மேல் பகுதியை முயலுங்கள். தொடையில் ஊசி போட்டால் வீக்கமோ சீழோ தம்பிக்குத் தெரியாது, தினமும் கண்ணால் பார்த்தே ஆக வேண்டும். கையின் உட்பக்கத்தில் சென்சார் ஒட்டினால் சக்கரம் உரசிப் பிய்த்துவிடும்.

வெயிலில் நின்ற அலுமினியச் சட்டம் காலைச் சுடும், வலியே தெரியாது. சர்க்கரை கூடினால் அந்தப் புண் மாதக்கணக்கில் ஆறாது. ஏறும் முன் ஈரத்துண்டு போட்டு ஆற்றுங்கள். இறங்கியதும் கண்ணாடி வைத்துக் குதிகால், பிட்டம், முழங்கால் பாருங்கள்.

சர்க்கரை ஏறினால் சிறுநீரும் பெருகும். வழக்கமாக 4 மணி நேரத்துக்கு ஒரு தடவை சிறுநீர்க் குழாய் வைப்பவர் அன்று முன்கூட்டியே வைக்க வேண்டும். இதைப் படிக்கும் வேறு யாருக்காவது அடி 6-ஆம் மார்பு எலும்பிலோ மேலேயோ இருந்தால் கூடுதல் கவனம்: திடீர் தலைவலி, முகம் வியர்த்தல், புல்லரிப்பு எல்லாம் தாழ்நிலை மாதிரியே இருக்கும். நிரம்பிய சிறுநீர்ப்பையால் ரத்த அழுத்தம் எகிறியிருக்கலாம். மீட்டரில் சர்க்கரை இயல்பாக இருந்தால் உடனே நிமிர்த்தி உட்காரவைத்து, பெல்ட்டைத் தளர்த்தி, குழாயைப் பாருங்கள். அழுத்தம் இறங்காவிட்டால் ஆம்புலன்ஸ்தான்.

கட்டிய கையுறையோடு பொட்டலம் பிரிக்க முடியாது. வாயால் கடித்துத் திறக்கும் குளுக்கோஸ் ஜெல்லைச் சட்டத்தில் டேப் போட்டு ஒட்டிவையுங்கள்.