டீசல் போக வாடகையில் என்னதான் மிஞ்சும்?

முட்டைவண்டி: நாமக்கல்லில் இருந்து பெங்களூருக்கு முட்டை லோடு, இரண்டு ஐச்சர் லாரி ஓடுகிறது. வாடகையில் பாதி டீசலுக்கே போய்விடுகிறது, அப்புறம் டோல், டிரைவர் படி, புகையைச் சுத்தப்படுத்த ஊற்றும் ஆட்ப்ளூ. வருடத்துக்கு ஒரே வாடகை என்று பேசிவிட்டார்கள். டீசலுக்குக் கட்டும் வரியை ஜிஎஸ்டியில் திரும்ப எடுக்க முடியுமா?

கணக்குப்பிள்ளை: முடியாதுங்க. டீசல் இன்னும் ஜிஎஸ்டிக்குள் வரவே இல்லை, மத்திய கலால் வரியும் மாநிலத்தின் வாட் என்கிற விற்பனை வரியும்தான். டயர், ஸ்பேர் பில்லுக்கு எடுக்கலாம், அதுவும் வாடகைக்கு நீங்களே ஜிஎஸ்டி போட்டு வசூலித்தால்தான்.

லாரிப்பேட்டை: வாடகைப் பேச்சில்தான் கோட்டை விட்டிருக்கிறீர்கள். 2017 ஜூனில் இருந்தே பங்க் விலை தினமும் மாறலாம் என்று ஆகிவிட்டது, இன்னும் வருடத்துக்கு ஒரே ரேட்டா? ஒப்பந்தத்தில் அன்றைய டீசல் விலையை எழுதி, லிட்டருக்கு ஒரு ரூபாய் ஏறினால் வாடகை இவ்வளவு ஏறும் என்று ஒரு வரி சேருங்கள். இறங்கினால் குறைக்கவும் வேண்டும், இல்லையென்றால் பார்ட்டி கையெழுத்துப் போடமாட்டார். 2021 நவம்பரில் கலால் வரியில் 10 ரூபாய் குறைந்தபோது நாங்களும் குறைத்தோம், அதனால்தான் லோடு கையில் நின்றது.

ஓசூர்க்காரன்: முதலில் மைலேஜ் பாருங்கள் அண்ணா. ஒரே பங்கில் டேங்க் ஃபுல் பண்ணி கிலோமீட்டரைக் குறித்துக்கொண்டு, அடுத்த ஃபுல்லுக்கு எத்தனை லிட்டர் பிடிக்கிறது என்று பார்த்தால் டீசல் எங்கே போகிறது என்று தெரிந்துவிடும். டயரில் காற்று குறைந்தாலும் டீசல் குடிக்கும், டிரைவரை மட்டும் சந்தேகப்படாதீர்கள்.

முட்டைவண்டி: சரி, இந்த ஒரு ரூபாய்க்கு எவ்வளவு என்று எப்படிக் கணக்குப் போடுவது?

லாரிப்பேட்டை: போக வர எத்தனை லிட்டர் பிடிக்கிறதோ அத்தனை ரூபாய், அவ்வளவுதான்.